டார்ச் சூடாகவில்லை என்றால் எல்.இ.டி சூடாகிறது என்று பொருள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய அலுமினிய டார்ச் ஒன்றின் உடலை எடுத்து, அதில் 18650 என்ற அளவிலான ஒற்றை லித்தியம் செல், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 7135 சில்லுகள் எட்டு கொண்ட 3 ஆம்பியர் டிரைவர், ‘ஸ்டார்’ எனப்படும் 20 மி.மீ. அலுமினியப் பலகையில் ஒட்டி வந்த கிரீ எக்ஸ்.எம்.-எல்2 எல்.இ.டி ஆகியவற்றை வைத்து ஒரு டார்ச் செய்திருக்கிறீர்கள். போட்டவுடன் நல்ல வெளிச்சம் வருகிறது. நான்கைந்து நிமிடத்தில் மங்கி, வெள்ளையில் நீலம் கலந்துவிடுகிறது. ஆனால் உடலைத் தொட்டால் லேசான வெதுவெதுப்பு மட்டுமே இருக்கிறது. உடலே சூடாகாதபோது வெப்பத்தால் மங்குகிறது என்று எப்படிச் சொல்வது, உலோகங்களின் இடைவெளியை நிரப்பி வெப்பம் கடத்தும் தெர்மல் பேஸ்டில் விலை கூடியதைப் போட்டால் சரியாகுமா, தலைப்பகுதியில் இன்னும் சில வரிப்பள்ளங்கள் வெட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உடல் சூடாகாமல் இருப்பதுதான் இங்கே குறை. எல்.இ.டி-யில் பிறக்கும் வெப்பம் உடலுக்கு வந்து சேரவில்லை. வழியில் எங்கோ தடைபட்டு, எல்.இ.டி-யின் அடியிலேயே தேங்கி நிற்கிறது. நன்றாகச் செய்த டார்ச்சை 3 ஆம்பியரில் எரியவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் அதன் தலைப்பகுதி கையில் நன்றாக உறைக்க வேண்டும். ஆகவே பேஸ்டையும் வரிப்பள்ளத்தையும் இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, வெப்பம் எந்த வழியாக வெளியே வருகிறது என்பதை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

பழைய இழை பல்பு தன் வெப்பத்தின் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராக வெளிச்சத்தோடு சேர்த்து முன்பக்கமாகவே வெளியேற்றிவிடும். அதனால்தான் அந்தக் காலத்து டார்ச்சுகளைத் தகரத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்ய முடிந்தது. எல்.இ.டி-யின் கதை வேறு. அதன் ஒளிக்கற்றையில் அகச்சிவப்பு ஏறக்குறைய இல்லை; ஒளியாக மாறாத மின்திறன் முழுவதும் எல்.இ.டி-க்குள் ஒளிவிடும் சில்லின் அடிப்பக்கமாக, தொட்டுக்கொண்டிருக்கும் உலோகத்தின் வழியாக மட்டுமே வெளியேற வேண்டும். 5 மி.மீ. சிறு எல்.இ.டி-களில் 20 மில்லி ஆம்பியர்தான் ஓடும், அந்த 0.06 வாட்டை அதன் இரண்டு கால்களே கடத்திவிடும். உங்கள் எக்ஸ்.எம்.-எல்2 3 ஆம்பியரில் ஏறத்தாழ 10 வாட் எடுக்கிறது. அதில் சுமார் 3 வாட் ஒளியாகிறது என்று கொண்டால், மீதி 7 வாட் வெப்பம் 5 மி.மீ.க்கு 5 மி.மீ. அளவேயான ஒரு பொட்டலத்தின் அடியிலிருந்து கீழே இறங்கியாக வேண்டும்.

அது இறங்கும் படிகள் இவை: சில்லிலிருந்து எல்.இ.டி-யின் அடித்தகடு, அங்கிருந்து சால்டர் வழியாக ஸ்டார் பலகை, பலகையிலிருந்து பேஸ்ட் வழியாக ‘பில்’ என்று டார்ச் செய்பவர்கள் அழைக்கும் உள் உருளை, உருளையிலிருந்து அதன் மரை வழியாக டார்ச்சின் உடல், உடலிலிருந்து கைக்கும் காற்றுக்கும். ஒவ்வொரு படியும் சில்லின் வெப்பநிலையைக் கொஞ்சம் கூட்டுகிறது. எவ்வளவு கூடும் என்பதற்குச் சூத்திரம் எளிது: இணைப்பின் தடிமனை அதன் கடத்துதிறனாலும் பரப்பாலும் வகுத்தால் ஒரு வாட்டுக்கு எத்தனை டிகிரி என்று கிடைக்கும். பாதுகாப்புக்காக, இணைப்புகளுக்கான கணக்கில் முழு 10 வாட்டும் வெப்பமாவதாகவே வைத்துக்கொள்கிறேன்.

முதல் படியில் நம்மால் செய்யக்கூடியது எதுவுமில்லை. எக்ஸ்.எம்.-எல்2-இன் தரவுத்தாள் சில்லுக்கும் சால்டர் புள்ளிக்கும் இடையே வாட்டுக்கு 2.5 டிகிரி என்று சொல்கிறது; 10 வாட்டுக்கு 25 டிகிரி. சில்லின் உச்சவரம்பு 150 டிகிரி.

இரண்டாவது படிதான் பலரும் கவனிக்காமல் விடுவது. சாதாரண அலுமினிய ஸ்டாரில், மேலே தெரியும் செம்புத் தடத்துக்கும் கீழேயுள்ள அலுமினியத்துக்கும் நடுவே ஒரு மின்காப்புப் படலம் இருக்கிறது. அது மின்சாரத்தைத் தடுப்பதோடு வெப்பத்தையும் தடுக்கிறது. அதன் தடிமன் 0.1 மி.மீ., கடத்துதிறன் 2 அலகு (மீட்டருக்கு, டிகிரிக்கு இத்தனை வாட்) என்று கொள்வோம், எல்.இ.டி-யின் வெப்பத் திட்டு சுமார் 13 சதுர மி.மீ. கணக்கிட்டால் வாட்டுக்குக் கிட்டத்தட்ட 4 டிகிரி, 10 வாட்டுக்கு 40 டிகிரி வருகிறது. மேலேயுள்ள செம்புத் தடம் வெப்பத்தைக் கொஞ்சம் பரப்பித் தருவதால் உண்மையில் இதைவிடக் குறையும். இருந்தாலும் பெரிய தடைதான். இதே இடத்தில் 0.05 மி.மீ. தடிமனில் நல்ல சால்டர் மட்டும் இருந்தால் 1 டிகிரிகூட ஏறாது. நேரடி வெப்பப் பாதை கொண்ட செம்பு ஸ்டார்கள் இதற்காகவே வந்தன. அவற்றில் நடுத்திட்டுக்குக் கீழே மின்காப்புப் படலம் கிடையாது. செம்பு மேடு மேலே எழும்பி வந்து எல்.இ.டி-யின் வெப்பத் திட்டை நேராகத் தொடும். எக்ஸ்.எம்.-எல்2-இன் நடுத்திட்டு மின்தொடர்பு அற்றது என்பதால் இதில் ஆபத்து ஏதுமில்லை. சில பெரிய எல்.இ.டி-களிலோ அடித்தளமே ஒரு மின்முனையாக இருக்கும். அவற்றைச் செம்பு ஸ்டாரில் வைத்தால் டார்ச்சின் உடலே அந்த முனையோடு சேர்ந்துவிடும். ஆகவே எந்த எல்.இ.டி-யானாலும் வைப்பதற்கு முன் தரவுத்தாளைப் பாருங்கள், வைத்த பிறகு மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள். உங்கள் டார்ச்சில் பணம் செலவழிக்க வேண்டிய முதல் இடம் இந்தச் செம்பு ஸ்டார்தான், பேஸ்ட் அல்ல.

எல்.இ.டி-யை ஒரு ஸ்டாரிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது பார்க்கப் பயமாக இருந்தாலும் கைக்கு எளிதில் பழகிவிடும் வேலை. நான் பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஆடாதபடி வைஸில் மெல்லப் பிடித்துக்கொண்டு, பருத்தித் துணிக்கான அளவில் வைப்பேன். அதன்மேல் பழைய ஸ்டாரை வைத்தால் ஒரு நிமிடத்துக்குள் சால்டர் இளகும். அப்போது எல்.இ.டி-யை அதன் அடித்தகட்டின் ஓரத்தில் மட்டும் சாமணத்தால் பிடித்துத் தூக்க வேண்டும். மேலேயுள்ள குமிழ் சிலிக்கோனால் ஆனது. அதைப் பிடித்தாலோ பக்கவாட்டில் தள்ளினாலோ பிய்ந்து வந்துவிடும், உள்ளிருக்கும் மெல்லிய பொற்கம்பிகளும் அறுந்துவிடும். புதிய ஸ்டாரின் மூன்று திட்டுகளிலும் சால்டர் பேஸ்டை மிக மெல்லியதாகத் தடவி, எல்.இ.டி-யை ஏறத்தாழ இடம் பார்த்து வைத்துவிட்டு, மீண்டும் இஸ்திரிப் பெட்டியில் ஏற்றுங்கள். சாம்பல் நிறத்தில் இருக்கும் பேஸ்ட் திடீரென்று வெள்ளி போல் பளபளக்கும். அதே கணத்தில் எல்.இ.டி தானாகவே அரை மில்லிமீட்டர் நகர்ந்து, தன் இடத்தில் நேராக உட்காரும். உருகிய சால்டரின் பரப்பு இழுவிசை செய்யும் வேலை அது. எத்தனை முறை செய்தாலும் அந்தக் கணத்தைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறையும். உடனே அடித்தகட்டின் ஓரத்தைச் சாமண நுனியால் லேசாக அழுத்தினால் மிகையான சால்டர் சிறு மணிகளாக ஓரத்தில் வெளியே வரும்; அவற்றை நீக்கிவிட்டு, ஸ்டாரை இறக்கி ஆறவிட வேண்டும். வெளியே வராமல் தங்கிவிட்டால், நடுத்திட்டுக்கும் மின்முனைக்கும் பாலமிட்டுவிடும். சால்டரைப் பொறுத்தவரை 183 டிகிரியில் உருகும் வெள்ளீய-காரீயக் கலவை வசதியானது. 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் கலவையையும் விற்கிறார்கள். வேலை எளிதுதான், ஆனால் அதிக மின்னோட்டம் ஓடும் டார்ச்சுக்கு அதை நான் பயன்படுத்துவதில்லை.

அடுத்தது பில் உருளை. உங்கள் சிக்கலின் பெரும்பங்கு இங்கேதான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். மலிவான டார்ச்சுகளில் இந்த உருளை நடுவில் வெறுமையாக, குழாய்போல இருக்கும். ஸ்டார் அதன் விளிம்பில் உள்ள ஒரு மெல்லிய படிக்கட்டில் மட்டும் உட்கார்ந்திருக்கும். அந்தப் படி 1 மி.மீ. அகலம் என்றால், 20 மி.மீ. ஸ்டாரின் 314 சதுர மி.மீ. அடிப்பரப்பில் உலோகத்தைத் தொடுவது 60 சதுர மி.மீ. மட்டுமே, நடுவில், எல்.இ.டி-க்கு நேர் கீழே, வெறும் காற்று. ஸ்டாரைக் கழற்றி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். பேஸ்ட் ஓரத்தில் வளையமாக மட்டும் நசுங்கி, நடுவில் தடவியது தடவியபடியே மேடாக இருந்தால், நான் சொல்வது சரி என்று கொள்ளலாம். 

காற்று எவ்வளவு மோசமான கடத்தி என்பதற்கு ஒரு கணக்கு: ஸ்டாரின் முழு அடிப்பரப்புக்கும் கீழே 0.05 மி.மீ. தடிமனில், அதாவது ஒரு தலைமுடி அளவுக்கு, காற்று இருந்தால் 10 வாட்டுக்கு 60 டிகிரி ஏறும். அதே இடைவெளியைச் சுமாரான தெர்மல் பேஸ்ட் நிரப்பினால் அரை டிகிரிகூட ஏறாது. எல்.இ.டி-யின் வெப்பம் ஸ்டார் முழுவதும் சமமாகப் பரவுவதில்லை என்பதால், அந்த அரை டிகிரி ஒன்றாகவோ இரண்டாகவோ ஆகலாம், அவ்வளவுதான். இதனால்தான் பேஸ்டின் விலையைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. இரண்டு பரப்புகளும் தட்டையாக இருந்து, நடுவே பேஸ்ட் மெல்லியதாக இருந்தால், டிரான்சிஸ்டருக்குப் போடும் வெள்ளைப் பேஸ்டே இந்த வேலைக்குப் போதும். பரப்பு மேடுபள்ளமாக இருந்தால் எந்தப் பேஸ்டாலும் பயனில்லை.

வெறுமையான உருளையை நிரப்புவதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, மின்பலகைகளில் பயன்படும் ‘பஸ் பார்’ என்ற தடித்த செம்புப் பட்டையிலிருந்து 5 மி.மீ. தடிமனில் ஒரு வட்டு வெட்டி, லேத்தில் விட்டத்தைச் சரியாகக் கடைந்து, உருளைக்குள் இறுக்கமாக அழுத்திச் செருகுவது. அமெரிக்காவில் டார்ச் செய்பவர்கள் இதற்குத் தங்கள் ஊர் ஒரு சென்ட் நாணயத்தைப் பயன்படுத்தினார்கள். 1982-க்கு முந்தைய நாணயம் 95 சதவீதம் செம்பு, அதற்குப் பின் வந்தவை செம்புப் பூச்சிட்ட துத்தநாகம் என்பதால் ஆண்டு பார்த்துத் தேடி எடுப்பார்கள். உருளை பித்தளை என்றால் வட்டை அதோடு சால்டர் செய்துவிடலாம். அலுமினியத்தில் சாதாரண சால்டர் ஒட்டாது, ஆகவே இறுக்கமும் பேஸ்டும்தான் வழி. செம்பின் கடத்துதிறன் 390-க்கு மேல், 6061 வகை அலுமினியம் சுமார் 167, பித்தளை 110-120, துருப்பிடிக்காத எஃகு வெறும் 15 அலகு. எஃகு உடலில் அதிதிறன் எல்.இ.டி வேண்டாம் என்று சொல்வதற்கு இந்த ஓர் எண் போதும். செம்பு வட்டு போட்டால் டார்ச் அதிக நேரம் குளிர்ந்திருக்கும் என்று சிலர் எதிர்பார்ப்பார்கள். அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. எடைக்கு எடை பார்த்தால் வெப்பத்தைத் தேக்கும் திறன் அலுமினியத்துக்கே இருமடங்குக்கு மேல். செம்பின் சிறப்பு, ஒரு சிறிய புள்ளியில் பிறக்கும் வெப்பத்தை உடனே பரப்பிவிடுவது, ஆகவே எல்.இ.டி-க்கு நேர் கீழே செம்பு, மற்ற இடமெல்லாம் அலுமினியம் என்பதே சரியான பங்கீடு.

வட்டை உள்ளே செருகியதும் மேற்பரப்பைத் தட்டையாக்க வேண்டும். கண்ணாடித் துண்டு ஒன்றின்மேல் 400 எண் உப்புத்தாளை ஒட்டி, ஒரு துளி தண்ணீர் விட்டு, உருளையை எட்டு எழுதுவதுபோல் தேயுங்கள்; பிறகு 800, பிறகு 1200. பரப்பு முழுவதும் ஒரே மாதிரி மங்கலாகத் தேய்ந்திருந்தால் தட்டை; நடுவில் பழைய பளபளப்பு மிச்சமிருந்தால் அங்கே பள்ளம் என்று பொருள். முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பாக்கத் தேவையில்லை. ஸ்டாரின் பின்பக்கத்தையும் இதேபோல் தேய்த்துவிடுங்கள். வெட்டி எடுக்கும்போது விளிம்பில் தங்கிய பிசிறுகளே ஸ்டாரைத் தூக்கிப் பிடித்துவிடும்.

ஸ்டாரைப் பிடித்து நிறுத்துவதற்கு நான் திருகையே விரும்புகிறேன். அரிசி மணி அளவு பேஸ்ட் வைத்து, ஸ்டாரை இரண்டு பக்கமும் லேசாகத் திருப்பி நசுக்கி, ஸ்டாரின் விளிம்பிலுள்ள பள்ளங்களில் எதிரெதிராக இரண்டு சிறு திருகுகள் போட்டு, இரண்டையும் மாறி மாறி இறுக்க வேண்டும். ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு மற்றொன்றுக்குப் போனால் ஸ்டார் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். திருகின் தலை மின்தடத்தைத் தொடும் நிலையில் இருந்தால் நைலான் வாஷர் போடுங்கள். திருகுக்கு இடமில்லாத சிறு டார்ச்சில் இரண்டு கலவைகளைக் குழைத்து ஒட்டும் தெர்மல் பசை நல்லது. ஆனால் அதைப் பிறகு கழற்ற முடியாது. சாதாரண எப்பாக்சிப் பசையில் ஒருபோதும் ஒட்டாதீர்கள். அதன் கடத்துதிறன் 0.2 அலகுதான். என் முதல் டார்ச்சை நான் அப்படித்தான் ஒட்டினேன். இரண்டே மாதத்தில் எல்.இ.டி-யின் மஞ்சள் பூச்சு நடுவில் பழுப்பேறி, வெளிச்சம் பாதியானது. உடனடி ஒட்டுப் பசையும் வேண்டாம். அதிலிருந்து எழும் ஆவி மூடிய தலைப்பகுதிக்குள் தங்கி, சிலிக்கோன் குமிழுக்குள் ஊறி, எல்.இ.டி எரியும்போது கருமையாகிவிடும். புளிப்பு வாடை அடிக்கும் சிலிக்கோன் சீலன்டுக்கும் இதே குறை உண்டு. 

ஒளியைக் குவிக்கும் ரிஃப்ளெக்டரை மேலே வைக்கும்போது அதன் அடிவிளிம்பு ஸ்டாரின் சால்டர் மேடுகளைத் தொடக் கூடாது. அதன் உட்பூச்சும் அலுமினியம்தான், மின்சாரம் கடத்தும். எல்.இ.டி-யைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் நடுவளையமோ, இல்லையென்றால் சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத கேப்டான் டேப் ஒரு சுற்றோ போதுமானது.

உருளையிலிருந்து உடலுக்கு வெப்பம் போகும் வழி மரை. மரைகள் எவ்வளவு இறுக்கமாகத் தெரிந்தாலும் அவற்றில் ஒரு பக்கச் சரிவு மட்டுமே தொடும், மறுபக்கம் இடைவெளி. ஆகவே மரையிலும் கொஞ்சம் பேஸ்ட் தடவி, உருளையின் தோள் உடலின் உட்படியில் முட்டும்வரை நன்றாக இறுக்குங்கள். இரண்டு உலோகங்களும் முட்டி நிற்கும் அந்த வளையம்தான் மரையைவிட நல்ல பாதை. மரை தளர்வாக இருக்கிறதென்று குழாய்க்குச் சுற்றும் டெஃப்ளான் டேப்பைச் சுற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வெப்பத்தையும் தடுக்கும், எதிர்முனைத் தொடர்பையும் துண்டிக்கும். எல்.இ.டி, டிரைவர், ரிஃப்ளெக்டர் எல்லாம் ஒன்றாக வந்து, மரையே இல்லாமல் உள்ளே சும்மா செருகும் பி60 வகைத் தொகுப்பு என்றால், அதைச் சுற்றி அலுமினியத் தாளையோ செம்புத் தாளையோ பல சுற்று இறுகச் சுற்றி, உடலுக்குள் தள்ளிச் செருக வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் செய்து முடித்தால் உங்கள் டார்ச் உண்மையிலேயே சூடாகத் தொடங்கும். அப்போது கடைசிப் படியான காற்றைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். 25 மி.மீ. விட்டம், 120 மி.மீ. நீளம் கொண்ட உடலின் வெளிப்பரப்பு சுமார் 94 சதுர செ.மீ. அசையாத காற்றில், கதிர்வீச்சையும் சேர்த்து, சதுர மீட்டருக்கு டிகிரிக்கு 10 வாட் போகும் என்று கொள்ளலாம். 7 வாட் வெப்பத்தை வெளியேற்ற இந்த உடல் அறை வெப்பநிலையைவிட 74 டிகிரி சூடாக வேண்டும். நம் ஊரின் 32 டிகிரியில் அது 100-ஐத் தாண்டிவிடும். ஆகவே மேசைமேல் வைத்து 3 ஆம்பியரில் தொடர்ந்து எரிய விடுவது இந்த அளவு உடலில் எந்தப் பொருத்தும் முறையாலும் முடியாது. உடல் ஒரு வெப்பக் கிடங்கு. 100 கிராம் அலுமினியம் ஒரு டிகிரி ஏற 90 ஜூல் வாங்கிக்கொள்ளும், 7 வாட்டில் நிமிடத்துக்கு நான்கைந்து டிகிரி ஏறும், ஐந்தாறு நிமிடத்தில் கையில் பிடிக்க முடியாத 55-ஐ எட்டும். கையில் பிடித்திருந்தால் உள்ளங்கையின் இரத்த ஓட்டமே கணிசமான வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், சைக்கிளில் பொருத்தினால் எதிர்க்காற்று எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால் 55 டிகிரியில் நிலையாக நிற்க இந்த உடலால் 2 வாட் சொச்சம் வெப்பத்தையே தாங்க முடியும். அது சுமார் 1 ஆம்பியர் மின்னோட்டம். பெட்டியில் அச்சிடும் லூமென் எனும் வெளிச்ச அளவை, டார்ச்சுகளுக்கான எஃப்.எல்.1 தரவிதிப்படி டார்ச்சைப் போட்ட 30 நொடியிலிருந்து 2 நிமிடத்துக்குள் அளக்கிறார்கள் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளுங்கள். உடல் முழுதும் சூடேறுவதற்கு முந்தைய அளவு அது.

வரிப்பள்ளம் வெட்டுவது பற்றிக் கேட்டீர்கள். 1.5 மி.மீ. அகலமுள்ள பள்ளத்துக்குள் விசிறி இல்லாத காற்று சரியாகப் புகுந்து வெளியேறாது. ஆகவே பரப்பு கூடினாலும் பலன் அந்த அளவுக்குக் கூடாது, வெட்டி எடுத்த உலோகத்தோடு வெப்பத்தைத் தேக்கும் நிறையும் போய்விடும். வெட்டாதீர்கள். உடலின் கறுப்பு அனோடைஸ் பூச்சைச் சுரண்டிப் பளபளப்பாக்கவும் வேண்டாம். அனோடைஸ் பரப்பு வெப்பக் கதிரை நன்றாக வீசும். மெருகேற்றிய வெறும் அலுமினியம் அதில் பத்தில் ஒரு பங்குகூட வீசாது.

செல்லையும் மறக்கக் கூடாது. உடல் 60 டிகிரியைத் தொட்டால் உள்ளே இருக்கும் லித்தியம் செல்லும் அதை நெருங்கும், பெரும்பாலான செல்களுக்கு மின்னிறக்க வரம்பே அதுதான். சூடான செல்லை உடனே எடுத்துச் சார்ஜில் போடாதீர்கள்.

சோதனைக்கு மல்டிமீட்டரோடு வரும் கே வகை வெப்ப இணையைக் கேப்டான் டேப்பால் ஸ்டாரின் ஓரத்திலும் உடலின் வெளியிலும் மாறி மாறி ஒட்டி, ஐந்து நிமிட ஓட்டத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். 10 டிகிரிக்குள் இருந்தால் பொருத்தல் நன்று. 30 என்றால் இன்னும் எங்கோ காற்று இருக்கிறது. கருவி இல்லையென்றால், கைபேசியின் ஒளியளவைச் செயலியை ஒரு மீட்டர் தொலைவில் அசையாமல் வைத்து, 30-ஆவது நொடியிலும் 5-ஆவது நிமிடத்திலும் எண்ணைக் குறியுங்கள். உங்கள் டிரைவர் மின்னோட்டத்தை நிலையாக வைப்பது என்பதால், முழுச் சார்ஜ் செய்த செல்லில் அந்த வீழ்ச்சி பெரும்பாலும் வெப்பத்தாலேயே.

பிறகு டிரைவருக்கு வாருங்கள். எட்டுச் சில்லுகளும் தலைக்கு 380 மில்லி ஆம்பியர் விடுகின்றன. செல் முழுச் சார்ஜில் இருக்கும்போது மிகையான மின்னழுத்தத்தை அவையே வெப்பமாக்குவதால் இன்னும் ஒன்றிரண்டு வாட் உள்ளே சேர்கிறது. இவற்றில் மூன்றைச் சால்டர் விட்டு எடுத்துவிட்டால் 1.9 ஆம்பியர் ஆகும். மின்திறன் 10 வாட்டிலிருந்து 6-க்கு இறங்கும்; வெளிச்சமோ கால் பங்கைவிடச் சற்றே அதிகமாக மட்டும் குறையும், ஏனென்றால் மின்னோட்டம் குறையக் குறைய எல்.இ.டி-யின் திறன் கூடுகிறது. இரவில் தோட்டத்து வரப்பில் அடித்துப் பார்த்தால் அந்தக் கால் பங்குக் குறைவு கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. ஆனால் பத்தாவது நிமிடத்திலும் டார்ச் கையில் பிடிக்கும் சூட்டில், ஏறக்குறைய தொடக்கத்தில் இருந்த வெள்ளையிலேயே எரியும்.